கயிற்றுத் தடம்

சிவாஜிநகரில் சுப்பராயனின் துணிக்கடை வாசலில் பழைய மரத்தூண் முறிந்து கிடந்தது. அது தாங்கியிருந்த ஓட்டுக்கூரை நேற்று மாலைக் காற்றில் சரிந்து, வழியில் போன கணவனும் மனைவியும் இறந்துவிட்டார்கள்.

இன்ஜினியர் கிரேஸ் முறிந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். நட்ட நடுவில் கயிறு இறுக்கிய தடம்.

"போன வாரமே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! மேல இருக்கிற பாரத்தை இந்தத் தூண் எப்படியோ தாங்கிட்டிருக்கு, அதோட பக்கத்துல இருந்தும் இழுத்தா மடங்கிடும்னு. எதை இழுத்துக் கட்டினீங்க? பந்தலா?"

"இல்ல மேடம். பேனர்."

"வியாபாரம் அவ்வளவு முக்கியமாப் போச்சா? காத்தடிச்சா பேனர் உப்பிக்கிட்டுத் தூணை இழுக்கும்னு தெரியாதா?"

சுப்பராயன் உடைந்த ஓடுகளுக்கு அடியிலிருந்து பேனரை உருவி அவள் முன் விரித்தார்.

கன்னடத்திலும் தமிழிலும் பெரிய சிவப்பு எழுத்துகள்: 'அபாயம்! தூண் பலவீனமாக உள்ளது. கீழே நிற்காதீர்கள்.'

"எல்லார் கண்ணுலயும் படற மாதிரி பெருசா எழுதி வைக்கச் சொன்னது நீங்கதான் மேடம்."

கிரேஸின் குரல் இறங்கியது. "செத்துப்போனவங்க வழியில போனவங்கதானே? எதுக்குக் கீழ வந்து நின்னாங்க?"

"இதைத்தான் படிச்சுக்கிட்டிருந்தாங்க."