கம்பவுண்டருக்கு எதுக்கு இறால் தலை?

"சைவப் பிள்ளைமாருக்குக் கருவாட்டுக் கடையில என்ன வேலை?"

மாடத்திக்கு விளங்கவே இல்லை. சங்கரன்கோவிலில் மைதீன் பாட்சாவின் கருவாட்டுக் கடையில் காய்ந்த இறாலுக்குத் தலையும் ஓடும் ஒடிப்பது அவள் வேலை. சதை விலைக்குப் போகும். தலையும் ஓடும் புளியங்குடி எலுமிச்சைத் தோட்டத்துக்கு உரமாகப் போகும்.

இரண்டு மாதமாக அதில் ஒரு பையை டிஸ்பென்சரி கம்பவுண்டர் சங்கரபாண்டியா பிள்ளை வாங்கிப் போகிறார். நெற்றி நிறைய விபூதியோடு கடையின் பின்வாசலில் வந்து நிற்பார்.

"எலுமிச்சைக்கு" என்பார்.

"அவரு வீட்டுல ஒரு துளசிச் செடிகூடக் கிடையாதுக்கா," என்றாள் பிள்ளை வீட்டில் வாசல் தெளிக்கும் பேச்சித்தாய். "புறவாசல்ல அவரே என்னமோ வறுக்காரு. வீட்டம்மா மூக்கைப் பொத்திக்கிட்டு தெருவாசல்ல உக்காந்திருக்காக."

"அப்ப, திருட்டுத்தனமாத் தின்னுதாரு."

மாடத்தி இதை நாலு பேரிடம் சொல்லவும் செய்தாள். ஆனாலும் மனசுக்குள் ஒரு குழப்பம். தின்பவர் நல்ல இறாலை வாங்கித் தின்னாமல், குப்பைக்குப் போவதை எதற்கு அள்ளிப் போகிறார்?

அவளுக்கு வேறு கவலையும் இருந்தது. மகள் பிச்சம்மாள் பிள்ளை பெற்றதிலிருந்து எழுந்து நடமாட முடியவில்லை. யுத்த காலத்து ரேஷன் அரிசிக் கஞ்சிதான் ஆகாரம். பிள்ளைக்குப் பால் போதவில்லை.

"தலையை அள்ளிட்டுப் போய்க் குழம்பு வச்சுக் குடேன்," என்றார் பாட்சா.

"உரத்துக்குப் போறதையா என் மவளுக்குக் குடுப்பேன், மொதலாளி?"

டிஸ்பென்சரிக்குப் போனாள். கம்பவுண்டர் ஒரு பொட்டலம் தூள் கொடுத்தார். "சத்து மருந்து. கஞ்சியில ரெண்டு கரண்டி போட்டுக் குடிக்கச் சொல்லு."

மூன்றாவது பொட்டலம் முடியும்முன் பிச்சம்மாள் எழுந்து கிணற்றடிக்குப் போனாள். பிள்ளை வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கியது.

நாலாவது பொட்டலத்தைப் பிரித்தபோது தூளுக்குள் நூல் மாதிரி ஒன்று கிடந்தது. மாடத்தி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

இறால் மீசை. தினமும் ஒடித்துப் போடுகிறவளுக்குத் தெரியாதா?

கோபம் வந்ததா வெட்கம் வந்ததா என்று அவளுக்கே பிடிபடவில்லை. பொட்டலத்தோடு நேரே போய் நின்றாள்.

"அய்யா, இது மருந்தா?"

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். "இறால் தலை, ஓடு, கொத்தமல்லி, சுக்கு, உப்பு. வறுத்து இடிச்சு சலிச்சது. ஓட்டுல சத்து இருக்குன்னு டாக்டர் புஸ்தகத்துல போட்டிருக்கு."

"மொதல்லயே சொல்லிருக்கலாம்லா?"

"சொல்லிருந்தா மவளுக்குக் குடுத்திருப்பியா?"

மாடத்தி தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க கருவாடு தின்னுதீகன்னு ஊரெல்லாம் சொன்னது நான்தான், அய்யா."

"தெரியும். அது கிடக்கட்டும். உப்பு சரியா இருக்கான்னு மட்டும் சொல்லிட்டுப் போ. மருந்துன்னு நினைச்சுக்கிட்டு ஒருத்தரும் ருசி சொல்ல மாட்டேங்காக. நான் வாயில வச்சுப் பாக்க முடியாதுல்லா."