வெள்ளிக்கிழமைக் கோழி

தடயம் எதுவும் மிஞ்சக் கூடாது. எலும்புகளைக் காகிதத்தில் சுருட்டிக் கண்மாய்க்கரையில் போட்டுவிட்டு வந்தாயிற்று. மீதியை நாய்கள் பார்த்துக்கொள்ளும். முத்தழகுக்கு இன்னும் பாக்கி இருந்தது ஓவன் மட்டும்தான்.

பின்வாசலில் அதை இறக்கி வைத்து, ஆப்பச்சோடாவைத் தண்ணீரில் குழைத்து உள்ளே அப்பியிருந்தாள். ஊறட்டும் என்று காத்திருக்க நேரம் இல்லை. பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டினாள், கம்பி நாரால் தேய்த்தாள். எலுமிச்சைச் சாறு விரல் வெடிப்புகளில் பட்டு எரிந்தது. கோழி நெய் அசைவேனா என்றது.

மணி நாலு. ஆறு மணிக்குப் பழனி பாதயாத்திரைக் குழு பூசைக்கு வீட்டுக்கு வருகிறது.

அவள் கணவன் பாண்டீஸ்வரன் மாலை போட்டு இன்றோடு முப்பத்தெட்டு நாள். நாளை விடியலில் நடை. மகள் மீனுவுக்கு மதுரையில் இதய ஆபரேஷன் நடந்த அன்று, "பிள்ளையைக் குடுத்துரு, நடந்தே வாரேன்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அவன் வேண்டிக்கொண்டது.

மாலை போட்டவர் இருக்கும் வீட்டுக்குள் முட்டை ஓடுகூட வரக் கூடாது. கறிச்சட்டிகளைப் பரணில் ஏற்றியதும், ஓவனைப் பளபளவென்று கழுவித் துணி போட்டு மூடியதும் முத்தழகுதான். இன்று அந்தத் துணியை எடுத்தவளும் அவள்தான். அதுவும் வெள்ளிக்கிழமை பார்த்து.

வேறு என்ன செய்வாள்? ஏழு வயதுப் பிள்ளை சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறது. கறியும் முட்டையும் கொடுத்துத் தேற்றுங்கள் என்கிறார் டாக்டர். அப்பா எடுத்த விரதமோ கூடாது என்கிறது. புதன்கிழமை ரேஷன் கடை வரிசையில் நின்றுவிட்டு வந்து இட்லி ஊட்டப் போனால், ஒரு விள்ளல்கூட உள்ளே இறங்கவில்லை. "வயிறு நெறஞ்சிருக்கும்மா" என்று மீனு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். காலையில் குடித்த அரை டம்ளர் கஞ்சியில் நிறைகிற வயிறா அது? முத்தழகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

இன்று காலை பஸ் ஏறி சாக்கோட்டைக்குப் போய், தெரிந்த முகம் இல்லாத கடையில் அரைக் கிலோ கோழி வாங்கினாள். பூசைக்குச் சமைக்கிற அடுப்பில் அதை ஏற்ற மனம் வரவில்லை. அதனால்தான் ஓவன். அடித்தட்டில் வைத்துச் சுட்டுக் கொடுத்தாள். மீனு நாலு துண்டு தின்று, எலும்பையும் உறிஞ்சினாள். பெற்ற வயிறு குளிர்ந்துபோனது.

பிள்ளை கை கழுவப் போன பிறகுதான் பயம் பிடித்தது. எந்த உயிருக்காக அவர் நடக்கிறாரோ, அந்த உயிரோடு விளையாடிவிட்டோமே. "முருகா, கோவத்தை என் மேல காட்டு, பிள்ளை மேல காட்டிராத" என்று முணுமுணுத்துக்கொண்டே தேய்த்தாள்.

மேல்தட்டுக் கம்பியிலும் நெய் வழிந்து கருகி ஒட்டியிருந்தது. அரைக் கிலோ கோழி இவ்வளவு உயரம் தெறிக்குமா? உயிரோடு இருந்தபோதே அது இவ்வளவு பறந்திருக்காது. அலுத்துக்கொண்டே கம்பியை உருவி ஓரமாக வைத்தாள்.

வாசல் கதவு திறந்தது. காவி வேட்டியும் கழுத்தில் மாலையுமாகப் பாண்டீஸ்வரன், இரண்டு மணி நேரம் முன்னதாக.

"என்ன முத்தழகு, ஓவனைப் பிரிச்சுப் போட்டிருக்க?"

"வந்துட்டீகளா... பூசைக்கு ஆளுக வாராகள்ல. ஒரே தூசி."

"குருசாமி ஓவனைத் திறந்தா பாக்கப் போறாரு?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று தடவை சாம்பிராணி போட்டிருந்தும், அவன் மூக்கு லேசாக விரிந்ததுபோல் இருந்தது. அதற்குள் மீனு ஓடி வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

"மத்தியானம் என்ன சாப்பிட்ட, தங்கம்?"

"தயிர்ச்சோறுப்பா."

சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தாள். ஒப்பித்துவிட்டு அப்பா முகத்தையும் அம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அந்தப் பார்வையை முத்தழகால் தாங்க முடியவில்லை. தன் பாவத்துக்குப் பிள்ளையையும் பொய் சொல்ல வைத்தாயிற்று.

"ஏங்க, பிள்ளை சொல்றது பொய்யி. நான்தான் சொல்லச் சொன்னேன். இந்த ஓவன்ல கோழி வச்சுக் குடுத்துட்டேன். இன்னைக்கு மத்தியானம்." கம்பி நாரை இறுகப் பிடித்துக்கொண்டாள். "உங்க விரதத்தை நான் கெடுத்துப்புட்டேன். என்னைய வையிங்க, அடிங்க. நடக்காம மட்டும் இருந்துராதீக."

பாண்டீஸ்வரன் கை கழுத்துக்குப் போய் மாலையைப் பிடித்தது. கழற்றத்தான் போகிறான் என்று முத்தழகுக்கு உயிரே நின்றுவிட்டது.

அவன் மாலையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான். அவள் கையிலிருந்த கம்பி நாரை வாங்கிக்கொண்டான்.

"அந்த மேல்கம்பியை இங்குட்டுக் குடு. அது புதன்கிழமை நான் வச்ச கோழி."