போல்ட் நம்பர்

துப்பாக்கிக் கடைக்காரனான என்னை குத்துக்கல்வலசைக்கு வரச்சொல்லி, அகிலாண்டேஸ்வரி அம்மாள் ஒரு பழைய மிலிட்டரி ரைபிளை மேசைமேல் வைத்தார். புரட்டிப் பார்த்தேன். குழாயில் ஒரு நம்பர், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டில் வேறு நம்பர்.

"விலையைச் சொல்லுங்க அண்ணாச்சி. அடுத்த மாசம் பொண்ணுக்குக் கல்யாணம்."

"ரெண்டு நம்பரும் ஒண்ணா இருந்தாத்தான் முழு விலைம்மா. இது பாதிக்குத்தான் போகும்."

"அப்ப இதோட போல்ட்டு எங்க?"

அம்மாளின் அப்பா விட்டுப்போன இரண்டு ரைபிள்களை அக்காவும் தம்பியும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்று எட்டு வருடமாகிறது.

"குற்றாலத்துல, உங்க தம்பி துப்பாக்கியில இருக்கு. அவரும் விக்கணும்னு நேத்து கூப்பிட்டுக் காட்டினாரு."

"நம்பர் சேரலன்னு சொல்லிட்டியளா?"

"சொன்னேன். 'அவ வேலைதான் இது, சும்மா விடமாட்டேன்'னு குதிச்சாரு. எதுக்கும் கதவைச் சாத்திருங்கம்மா."

சொல்லி முடிப்பதற்குள் வாசலில் ஜீப் கிறீச்சிட்டு நின்றது. நான் ரைபிளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

அம்மாள் அசையவில்லை. "பாகம் பிரிச்ச அன்னைக்கு நாந்தான் மாத்தி வச்சேன். இல்லன்னா இந்தப் பய என் வாசல மிதிப்பானா?"

மேசை இழுப்பறையிலிருந்து மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையை எடுத்தார். 'தாய்மாமன் வல்லிநாயகம்' என்று அச்சடித்திருந்தது.

"ஏ அக்கா! என் போல்ட்டு எங்க?" வெளியே குரல் இடித்தது.

அம்மாளின் கண் நிறைந்துவிட்டது.

"கேட்டியளா அண்ணாச்சி? எட்டு வருசங்கழிச்சு என்னைய அக்கான்னு கூப்பிடுதான்."