வேண்டிக்கொண்ட டம்ளர்

மகளுக்கு அம்மா வீட்டிலேயே நடத்தும் அறிவியல் பாடம் அது. மண் நிரப்பிய இரண்டு டம்ளர்களில் டம்ளருக்கு ஒன்றாகப் பயறு ஊன்றினார்கள்.

"ஒண்ணுக்கு மட்டும் தினமும் கடவுள்கிட்ட வேண்டிக்கோ. எது முளைக்குதுன்னு பாரு" என்றாள் அம்மா.

ஐந்தாம் நாள், வேண்டிக்கொள்ளாத டம்ளரில்தான் பயறு முளைத்தது.

"உங்க கடவுள் லீவு போட்டுட்டாரா?" என்று அப்பா கிண்டலடித்தார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று மாலை, யாரும் இல்லாத நேரம் பார்த்து, சமையலுக்கு முளைகட்டி வைத்திருந்த பயறில் ஒன்றை வேண்டிக்கொண்ட டம்ளரின் மண்ணில் நைசாகச் செருகினாள்.

மறுநாள் காலை மகள் கூவினாள். "ஒரே விதைக்கு மூணு முளை!"

மூன்றா? அம்மா கணவரைப் பார்த்தாள். கிண்டல் மன்னர் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

மகள் அம்மாவின் காதோடு சொன்னாள்: "நீ அழக் கூடாதுன்னு நான் ஒண்ணுதாம்மா நட்டேன். மிச்சம் ரெண்டும் நிஜமாவே கடவுள்தான்!"