தட்டி நிமிர்த்திய வாள்

"முடியாதும்மா. இப்படியே இதைத் தர முடியாது!"

உலைக்காரர் வோல்க்கர் வாளைப் பின்னால் மறைத்துக்கொண்டார். ஸ்வெந்யாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நாளைக்கு பெர்லின்ல எனக்கு வாள்வீச்சு ஃபைனல் சார்! வளைஞ்ச வாளை நிமிர்த்தித் தரச் சொன்னேன். நிமிர்த்தியாச்சு. அப்புறம் என்ன?"

"சூடு காட்டாமலே சுத்தியலால தட்டி நிமிர்த்தியிருக்காங்க. தட்டுன இடத்துல மட்டும் எஃகு இறுகிப்போச்சு. இறுகின எஃகு வளைஞ்சு கொடுக்காது, படக்குனு முறியும். முறிஞ்ச முனை ஊசி மாதிரி நிக்கும்."

"முறிஞ்சா முறியட்டும்! பையில வேற வாள் வச்சிருக்கேன். இது ராசியான வாள்னுதான் இந்த ஸோலிங்கன் பட்டறை வரைக்கும் அலையறேன்."

தட்டி நிமிர்த்தியவர் பட்டறை முதலாளி டெட்லெஃப். அவருக்குச் சுருக்கென்றது.

"யோவ், என் கைவேலையிலேயே குத்தம் கண்டுபிடிக்கிறியா? வாளுக்குச் சொந்தக்காரியே பயப்படல. உனக்கு என்னய்யா வந்துச்சு?"

வோல்க்கர் உலைப் பக்கம் திரும்பினார். கைப்பிடியைக் கழற்றிவிட்டு வாளை உலையில் வைத்தார். சூடு கூடினால் எஃகு இளகி, வளைந்தது வளைந்தபடியே நின்றுவிடும். குறைந்தால் இறுக்கம் போகாது. உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் உலையைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஊற்றிவைத்த காபி ஆறிப்போனது.

"சார், ரயில் போயிடும்!"

"போனா போகட்டும். நானும் பெர்லினுக்குத்தான் போறேன், கார்ல கூட்டிட்டுப் போறேன். பேசாம இரு!"

வாளை எடுத்து ஆறவிட்டார். முனையைச் சுவரில் ஊன்றி அழுத்தினார். வில்லாக வளைந்தது, விட்டதும் நிமிர்ந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடியும்.

"விட்டா நீங்களே முறிச்சிடுவீங்க போல!" கைப்பிடியை மாட்டியதும் ஸ்வெந்யா வாளைப் பிடுங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

மறுநாள் அரங்கத்தில் கடைசிப் புள்ளி. ஸ்வெந்யா பாய்ந்தாள். எதிராளியின் நெஞ்சில் ஊன்றிய வாள் வில்லாக வளைந்தது. முறியவில்லை. வெற்றி!

ஸ்வெந்யாவின் பயிற்சியாளரைவிட உரக்கக் கைதட்டியவர் வோல்க்கர்தான். அவருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

தோற்றவள் முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, அவரைப் பார்த்துக் கத்தினாள்:

"அப்பா! நீங்க யாரு பக்கம்?"