ஒரு ஆள் குறையுது

ஒரு ஊரில் ஒரு தள்ளுபடி இருந்ததாம். தினமும் ராத்திரி செத்துப்போய், விடிந்ததும் வேறு பேரில் பிறக்குமாம். நேற்று குக்கர், இன்று மிக்ஸி.

அந்தத் தள்ளுபடி ஒரு ஆப்பில் வந்தது. பணம் கட்டி அதில் சேர்ந்தால் எல்லாம் பாதி விலை. நமக்குக் கீழே ஆள் சேர்த்தால் கமிஷன். அவர்கள் ஆள் சேர்த்தால் அதிலும் கமிஷன்.

சேர்ப்பதற்கான கூட்டம் மதுக்கரையில், ஒரு கல்யாண மண்டபத்தில். வாசலில் பிரீத்திகா நின்றுகொண்டு, வருகிறவர்களை எல்லாம் மறித்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, உள்ளே போய் ‘பாக்கலாமுங்க’ன்னு சொல்லிப்போடாதீங்க. நம்ம பக்கம் அதுக்கு வேண்டாம்னு அர்த்தம். இவங்க சரின்னு எடுத்துக்குவாங்க.”

“வேற எப்படிச் சொல்றது அம்மணி?”

“வேண்டாம்.”

“வேண்டாமுங்க.”

“‘ங்க’ போட்டா மறுபடியும் கேப்பாங்க!”

சிரித்துக்கொண்டே சிலர் வண்டியைத் திருப்பினார்கள்.

கூட்டம் நடத்தும் சுரேந்தர் மேடையிலிருந்து ஓடிவந்தான். வெளியூர்க்காரன்.

“எந்தப் போட்டிக் கம்பெனி உன்னை அனுப்புச்சு?”

“யாரும் அனுப்பலைங்க.”

“பணம் கட்டி ஏமாந்தியா?”

“இல்லைங்க.”

“அப்ப கிளம்பு. போலீஸைக் கூப்பிடுவேன்.”

“கூப்பிடுங்க. அவங்ககிட்டயும் இதையேதான் சொல்லுவேன்.”

அப்போதுதான் பொன்னாத்தாள் வந்தாள். காதில் தோடு இல்லை. ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சி செருகியிருந்தாள்.

“நான் புதுசாச் சேர்ந்த மில்லுல பத்மாவதி எனக்குப் பக்கத்து மிசினுங்க. ஒரு ஆளு குறையுது, நீ வந்தா நான் வைர மெம்பர் ஆயிருவேன்னு சொன்னா. தோட்டை அடகு வச்சுப்போட்டு வாரேன்.”

“உள்ளே வாங்கம்மா” என்றான் சுரேந்தர். “அவங்க உங்களுக்காகத்தான் மேடையில மாலையோட உக்காந்திருக்காங்க. இந்தப் பொண்ணுக்கு வயித்தெரிச்சல்.”

பிரீத்திகா கையை விரித்து வழியை மறித்தாள்.

பொன்னாத்தாளுக்குக் கோபம் வந்தது. “பத்மாவதி நல்லா இருந்தா உனக்கு ஏங் கண்ணு எரியுது?”

“எரியத்தான் செய்யுதுங்க. பணம் போச்சுன்னா இவரு ஊரு மாறிப் போயிருவாரு. நீங்க எல்லாம் போய் நிக்கறது பத்மாவதி ஊட்டு வாசல்லதானுங்க.”

“நிக்கறது நாங்க. உனக்கென்ன வந்துச்சு?”

“அந்த ஊட்டுக் கதவைத் தொறக்கறது நானாச்சுங்களே. அவங்க எங்கம்மாங்க.”

சுரேந்தர் உள்ளே போனான்.

பொன்னாத்தாள் மேடையை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு அடகுப் பணம் இருந்த சுருக்குப்பையை இடுப்பில் செருகிக்கொண்டு, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.