மூன்று கிலோ

பன்னிரண்டு மணிக்குள் சொல்லிவிட வேண்டும் என்றார் நாணயக் கடைக்காரர். பன்னிரண்டுக்கு வேறொருவர் வருகிறாராம், கையில் பணத்தோடு.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது.

மேசைமேல் இரண்டும் இருந்தன. ஒன்று, உள்ளங்கை அளவு பெட்டிக்குள் மூடி முத்திரை வைத்த ஒரே ஒரு வெள்ளிக்காசு. அச்சிலிருந்து விழுந்த நாளிலிருந்து யார் கையும் படாதது. ராஜாவின் மீசையை முடி முடியாக எண்ணலாம்.

மற்றது, வாயைக் கயிற்றால் கட்டிய ஒரு துணிப்பை. கப்பலில் சமையல் வேலை பார்த்த ஒருவர், இறங்கிய துறைமுகமெல்லாம் சேர்த்துக் கொண்டுவந்த பழங்காசு. மூன்று கிலோ. அவர் போனபிறகு மகள் மொத்தமாக விற்கக் கொடுத்திருந்தாள். உள்ளே என்ன இருக்கிறதென்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

விலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

காசு வாங்க வந்திருந்த தையல்காரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், மாடிப்படி வரை போய்த் திரும்பி வந்தாள். கடைக்காரர் வாங்கி வைத்த தேநீரில் ஆடை படிந்துவிட்டது.

“இதுல யோசிக்க என்ன இருக்கு அண்ணி? அண்ணன் ஆறு வருஷமா கேட்டுக்கிட்டிருந்த காசு. அவரே வந்திருக்கலாமே?”

“மாடி ஏற முடியல” என்றாள்.

மூட்டுவலி பொல்லாதது என்று கடைக்காரர் தானாகவே முடிவுகட்டித் தலையாட்டினார். அவள் மறுக்கவில்லை.

கைப்பையில் இருந்த உறை அவள் கணவனுடையது. இந்த ஒரு காசுக்காகவே ஆறு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது. காசு சேர்ப்பவர்களிடையே அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முப்பது வருஷத்தில் அவர் வாங்கியது மொத்தமே இருபத்திரண்டு காசு. கிடைத்ததையெல்லாம் வாரிப்போடுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஆயிரம் நட்சத்திரம் இருந்தாலும் ஊர் நிலாவைத்தானே பார்க்கிறது என்பார்.

துணி விஷயத்தில் அவளும் அந்தக் கட்சிதான். பத்து கஜம் வெட்டுத்துணியைவிட ஒரு கஜம் நல்ல துணி மேல்.

காலையில் கிளம்பும்போதும் சொல்லித்தான் அனுப்பினார். பெட்டியைத் திறக்க விடாதே, கை படக்கூடாது, அப்படியே கொண்டு வா. சரி என்றுதான் அவளும் சொன்னாள்.

புருஷனுக்குத் தெரியாமல் ஓர் ஊக்குகூட வாங்கியதில்லை என்று அவளால் சொல்ல முடியாது. ஆனால் அவர் பணத்தில் கை வைத்ததில்லை.

துணிப்பையின் கயிற்றை அவிழ்த்து உள்ளே கையை விட்டாள். காசுகள் சில்லென்று இருந்தன. பிசுக்கேறி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. மோந்து பார்த்தால் துருவும் எண்ணெயும் கலந்த வாடை.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம்.

“இந்தப் பையைக் குடுங்க.”

கடைக்காரர் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். “அண்ணன் என்னைக் கொன்னுடுவாரு.”

“முதல்ல என்னை” என்று உறையை நீட்டினாள்.

படியிறங்கும்போது, நெற்றியைத் துடைத்தபடி ஒருவர் எதிரே ஏறிப்போனார். அவள் நின்றாள். திரும்பி ஓடினால் இன்னும் மாற்றிக்கொள்ளலாம். மேலே கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. பையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு இறங்கினாள்.

வீட்டில் அவர் ஜன்னலோரம் நாற்காலியில் காத்திருந்தார். மேசைமேல் கறுப்பு வெல்வெட் துண்டு விரித்து, லென்ஸைத் துடைத்து வைத்திருந்தார்.

அவள் வெல்வெட்டை எடுத்துவிட்டுப் பெரிய தட்டு ஒன்றை வைத்தாள். பையைக் கவிழ்த்தாள். மூன்று கிலோவும் சரிந்து விழுந்த சத்தத்தில் பக்கத்து வீட்டில் ரேடியோவைக் குறைத்தார்கள்.

“என்ன இது?”

“காசு.”

“என் காசு எங்க?”

“அதை வாங்கல. அந்தப் பணத்துல இதை வாங்கினேன்.”

அவர் முகம் செம்பாகச் சிவந்தது. முப்பது வருஷம் கூட இருந்தும் இவ்வளவுதானா உனக்குத் தெரிந்தது என்றார். ஆறு வருஷத்தைக் குப்பையில் கொட்டிவிட்டாய் என்றார். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அது அவரை இன்னும் கிளப்பிவிட்டது.

லென்ஸை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு தட்டின் மேல் குனிந்தார். அகப்பட்ட ஒன்றை எடுக்கப் போனார். நழுவியது. தட்டின் விளிம்பு வரை தள்ளிக்கொண்டு போய் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார்.

“முகம் இருக்கா இதுல? வருஷம் இருக்கா?”

போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். “இதோட விளிம்பைப் பாரு, எலி கடிச்ச மாதிரி.”

மூன்றாவதை எடுத்தவர் திட்ட வாய் திறந்து, நிறுத்தி, கண்ணருகே கொண்டுபோனார்.

அவள் காசைப் பார்க்கவில்லை.

லென்ஸ் இடது கையில் இருந்தது. காசு வலது கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

நாலு மாதத்துக்கு முன் ஒரு காலையில் பல் விளக்கும்போது வலப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தவர். பேச்சு திரும்பியது. கால் பாதி திரும்பியது. அந்தக் கை மட்டும் மடியில் கிடந்தது. பயிற்சி கொடுக்க வரும் பெண் பட்டன்களைக் கொட்டிப் பொறுக்கச் சொன்னாள், பாசிமணிகளைப் பொறுக்கச் சொன்னாள். நான் என்ன பாலர் வகுப்பா என்று இடது கையால் தட்டைத் தள்ளிவிட்டார். நாலு மாதமும் அப்படித்தான்.

பெட்டிக்குள் இருக்கும் காசை, கையை மடியில் போட்டுக்கொண்டே பார்த்துவிடலாம்.

அவர் இன்னும் கவனிக்கவில்லை. “இதெல்லாம் ஒரு காசா” என்று முணுமுணுத்தபடி நாலாவதற்குக் கையை நீட்டினார்.

அவள் சத்தமில்லாமல் தட்டை ஒரு சாண் தள்ளி வைத்தாள். எட்டி எடுக்கட்டும்.